வாடகை வீடும் வீடுதான்

(குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குச் சில கேள்விகள் மனப்பாடமாகியிருக்கும். மொத்தம் எத்தனை பேர்? ஃபேமிலியா, பேச்சிலரா? சொந்த ஊர் எது? சைவம்தானே? இதிலேயே சாதி தெரியவில்லை என்றால், "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். மாதா மாதம் வாடகை கொடுக்க முடியுமா என்பது கடைசியில்தான் வரும். பெண் ஒருத்தி தனியாக வந்து நின்றால் இன்னும் இரண்டு கேள்வி. ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க? யாராவது வந்து போவாங்களா?

சொந்த வீடு பற்றிப் பேசும்போது நாம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். "எலி வளையானாலும் தனி வளை" என்று சொல்கிறோம். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம்மில் பலர் 20 வருடக் கடனில் கையெழுத்துப் போடுவது வீட்டின் மேல் உள்ள ஆசையால் மட்டும் அல்ல. சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டாம், மாமனார் வந்து பத்து நாள் தங்கினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நிம்மதிக்காகத்தான் சம்பளத்தில் பாதியை இஎம்ஐ ஆகக் கட்டுகிறோம். அதாவது, வாடகை வீட்டில் கிடைத்திருக்க வேண்டிய மரியாதையை வங்கியில் கடன் வாங்கி வாங்குகிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ரொம்ப காலம் இங்கே இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது குடியிருப்பவரைக் காப்பாற்ற வந்தது, பலரைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரி பழைய பகுதிகளில் வாடகை பல வருடம் அப்படியே நின்றுபோனது. வீட்டுக்காரருக்குச் செலவு செய்ய மனம் வரவில்லை. ஓடு உடைந்தது, சுவர் ஊறியது, வழக்கு மட்டும் வளர்ந்தது. "வாடகைக்கு விட்டால் காலி பண்ண மாட்டான்" என்ற பயம் அப்போது பிடித்ததுதான், இன்னும் விடவில்லை. ஓய்வூதியம் இல்லாமல் மாடி போர்ஷன் வாடகையில் மட்டும் மருந்து வாங்கும் வயதான அம்மாக்களுக்கு அந்தப் பயம் இருப்பதில் தப்பே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அவற்றில் ஒரு பகுதியைப் பூட்டி வைத்திருப்பது இந்தப் பயம்தான் என்று நான் நினைக்கிறேன்.

11 மாத அக்ரிமெண்ட்டும் இப்படி வந்த பழக்கம்தான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்க 11 மாதம். ஒரு குடும்பம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறது, அக்கம்பக்கத்தில் பழகுகிறது, அந்தக் குடும்பத்தின் இருப்புக்கு 11 மாதம்தான் எழுத்தில் உறுதி. அப்புறம் எப்படி வேர் பிடிக்கும்?

1960ஆம் ஆண்டின் அந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மாற்றி 2017இல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளைக் கிளப்பக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது.

நல்ல சட்டம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மூன்று மாத விதிக்கு முன்னால் ஒரு வாசகம் இருக்கிறது: இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர. வீடு கிடைக்காமல் நிற்கிறவன் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? அதனால்தான் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய வழக்கம் சென்னையில் இன்னும் சாகவில்லை. 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு ஒன்றரை லட்சம். முதல் வேலைக்கு வந்த பையன் எங்கே போவான்? இன்னொன்று, சாதி, மதம், கல்யாணம் ஆனதா இல்லையா என்று பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்க இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது.

இந்த மறுப்பு புதிதல்ல. 1917இல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்யப் போனார். அந்த ஊரில் அவருக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். சில நாளில் விஷயம் தெரிந்து கைகளில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. நண்பர்கள் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பம்பாய் ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். இந்தியாவின் அரசியல் சட்டத்தை எழுதப் போகிறவர் அவர். ஊரை விட்டு நகரத்துக்கு வந்தால் யாரும் பூர்வீகம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எத்தனையோ பேர் ரயில் ஏறினார்கள். அந்த நம்பிக்கையை நாம் இன்றும் வீட்டு வாசலிலேயே உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாதுகாப்பு பற்றிச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு வீடு கொடுக்கிறவர்கள், "ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிடுவோம், எல்லாம் உங்க சேஃப்டிக்குத்தான்" என்கிறார்கள். இரவு வேலை முடிந்து வரும் பெண்ணைத் தெருவில் நிறுத்துகிற பூட்டு எப்படிப் பாதுகாப்பு ஆகும்? தெருவிளக்கு எரிவதும் பத்து மணிக்கு மேலும் பஸ் வருவதும்தான் பாதுகாப்பு. 2021இல் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்தது எத்தனை பேரைத் தைரியமாக வெளியே வரவைத்தது என்று எந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் தெரியும். தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் வந்திருக்கின்றன. இன்னும் நிறைய வேண்டும்.

சரி, சொந்த வீடு வாங்கிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடுமா? 2014 ஜூன் 28ஆம் தேதி மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாளில் சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள். அதே வளாகத்தில் மீதி நின்ற கட்டடத்தை 2016இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் கனவு கண்டதும் சொந்த வீடுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கியபோது, வாடகைக்கு இருந்தவர் வேறு ஏரியா பார்த்துக் கிளம்ப முடிந்தது. ஏரிக்கும் சதுப்பு நிலத்துக்கும் பக்கத்தில் சேமிப்பு முழுவதையும் போட்டவர், ஒவ்வொரு நவம்பரிலும் மழைச் செய்தி பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்.

இதை விட எனக்கு வருத்தம் தருவது கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2000க்குப் பிறகு கூவம் கரையில் இருந்தவர்களையும் நகரின் நடுவில் இருந்தவர்களையும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இந்த இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பெயருக்கு ஒரு வீடு கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை போனது, பிள்ளைகளுக்குப் பள்ளி போனது, மீன்கூடை தூக்கிய ஆயாவுக்கு வாடிக்கைத் தெரு போனது. நடந்து போய்ச் சம்பாதிக்கும் தூரத்தில் ஒரு வாடகை அறை கொடுங்கள் என்று அவர்களைக் கேட்டிருந்தால் பலர் அதையே கேட்டிருப்பார்கள்.

ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். வியன்னா மாநகராட்சிக்கே சுமார் 2,20,000 குடியிருப்புகள் சொந்தமாக இருக்கின்றன, வாடகைக்கு விடுவதற்காகவே. அங்கே வாடகைக்கு இருப்பதை யாரும் தோல்வியாகப் பார்ப்பதில்லை. நம் வீட்டுவசதி வாரியமும் விற்பதற்கு மட்டும் கட்டாமல், மெட்ரோ நிலையங்களுக்கு நடக்கும் தூரத்தில் நீண்ட கால வாடகைக்கு வீடு கட்டலாம். அட்வான்ஸ் வரம்பில் இருக்கும் அந்த விதிவிலக்கை எடுத்துவிடலாம். வாடகை ஆணையத்தில் வீட்டுக்காரர் கொடுக்கும் புகாரையும் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால், பூட்டிய வீடுகள் திறக்கும்.

இங்கே வீட்டு உரிமையாளர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குப் பதில் மூன்று வருடத்துக்குப் போட்டுப் பதிவு செய்யுங்கள், வருட உயர்வு எவ்வளவு என்று அதிலேயே எழுதிவிடுங்கள். போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு வாங்கிக் கொடுங்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்கள் வசூலிக்கும்போது, இரண்டு மாதத்துக்கு அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவசம் குடியிருப்பவருக்குப் போய்ச் சேர்வதில்லை. அப்புறம், அடுத்த முறை டு-லெட் பலகையைப் பார்த்து ஒருவர் வந்து நிற்கும்போது, என்ன வேலை, வாடகை கட்ட முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் யாராவது அட்வான்ஸ் திரும்ப வராமல் சிரமப்பட்டால் கூட்டம் முடிந்ததும் இருங்கள். மனு எழுதுவதற்கு உட்கார்ந்து உதவி செய்கிறேன்.

நன்றி.