எந்த ஐஸ் உருகினால் எண்ணூருக்குத் தண்ணீர் வரும்?

காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூரிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

துருவத்தில் ஐஸ் உருகுகிறது, கடல் ஏறுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த ஐஸ் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு டப்பா. முதலாவதில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டிகளை மிதக்கவிடுங்கள். இரண்டாவதில் ஒரு கருங்கல்லை வைத்து, அதன் தலை வெளியே தெரியுமளவு தண்ணீர் ஊற்றி, அதே அளவு ஐஸைக் கல்லின்மேல் வையுங்கள். நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறியுங்கள். கரைந்து முடிந்ததும் முதல் டப்பாவில் மட்டம் கோட்டிலேயே நிற்கும்; இரண்டாவதில் ஏறியிருக்கும்.

முதல் டப்பா ஆர்க்டிக் கடல். 2012 செப்டம்பரில் அங்கே மிதக்கும் ஐஸ் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அதனால் கடல் ஏறுவது மிக மிகக் குறைவு. கெடுதல் வேறு வழியில் வருகிறது. ஐஸ், விழும் வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும்; ஐஸ் போன இடத்துக் கடல்நீர் நூற்றுக்கு 6 பங்குதான் அனுப்பும். மிச்சச் சூடு தண்ணீரில் தங்கி, பக்கத்து ஐஸையும் கரைக்கும்.

இரண்டாவது டப்பாதான் நம் கவலை: அந்தக் கல்லைப்போல் தரைமேல் ஐஸைச் சுமக்கும் கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும். 36,000 கோடி டன் ஐஸ் கடலில் சேர்ந்தால் உலகக் கடல் மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும். கிரீன்லாந்து மட்டுமே 2002 முதல் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் இழந்து வந்திருக்கிறது.

அண்டார்டிகாவில் ஐஸை அதிகம் தின்பது காற்றின் சூடல்ல. அடியில் நுழையும் வெதுவெதுப்பான கடல்நீர். கரையோரம் மிதக்கும் பனித்தட்டு, பின்னாலிருக்கும் பனியாற்றுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. 2002இல் லார்சன் பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கியது. முட்டுப் போனதும் பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகம் பிடித்தன. த்வெயிட்ஸ் பனியாற்றின் தரை உள்ளே போகப்போகப் பள்ளம். விளிம்பு பின்வாங்கும்தோறும் இன்னும் கனமான ஐஸ் கடலைத் தொடும். அது முழுதும் போனால் 65 சென்டிமீட்டர் வரை உயர்வு. ஒரே நாளில் நடப்பதில்லை, பயப்பட வேண்டாம்.

தூரத்தில் இருக்கிறோம், நமக்கென்ன என்கிறீர்களா? தூரம்தான் வம்பு! பெரிய பனிப்பாளம் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. கிரீன்லாந்து இளைத்தால் அதன் பக்கத்தில் கடல் இறங்கும். நம்மைப்போல் தொலைவில் இருக்கும் கரைகளில் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஏறும்.

அதற்காக ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரித்த பழியையெல்லாம் துருவத்தின் தலையில் போடாதீர்கள். வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்ததே அதில் பெரும் காரணம். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் மணல் நிற்கும், கடல் மட்டம் இறங்காது.

ஏறிய மட்டத்தை முதலில் காட்டப்போவது முகத்துவாரம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சரிவை நம்பித்தான் வடிகின்றன. புயல் மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நிற்க, தெருத் தண்ணீர் பின்வாங்கும். அடுத்த முறை உங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது, அது விழும் இடத்தின் மட்டத்தை எந்த ஆண்டுக் கடல் மட்டத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.