ஒரே வாடிக்கையாளர், ஒரே சீசன்: சோமாலியா – சவூதி ஆட்டு வணிகம்

[காட்சி: கடற்கரை. வெள்ளை உடம்பும் கருப்புத் தலையுமாக ஆயிரக்கணக்கான ஆடுகள் கப்பலுக்குள் ஏறுகின்றன. ஐந்து நொடிக்குப் பேச்சு வேண்டாம். ஆட்டுச் சத்தம் மட்டும்.]

இந்த ஆட்டைக் கொஞ்சம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தலையும் கழுத்தும் கரிக்கட்டை மாதிரி கருப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. கொம்பு கிடையாது. கம்பளியும் கிடையாது, குட்டை முடிதான். வால் இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பு திரண்டு நிற்கும். மழை பொய்த்தால் அந்தக் கொழுப்பைக் கரைத்துத்தான் உயிர் பிழைக்கும். சவூதிச் சந்தையில் இதற்குப் பெயர் 'பர்பரி'. அந்தப் பெயருக்குக் காரணமான ஊர்தான் இப்போது திரையில்: பெர்பெரா, ஏடன் வளைகுடாவின் தென்கரை.

ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கும் வளைகுடா நாடு ஒன்றுக்கும் இடையில் சரக்கு வணிகம் என்றால் பெட்ரோல், தங்கம், கன்டெய்னர் என்றுதான் மனம் போகும். இங்கே சரக்குக்கு நாலு கால். கத்தும், தண்ணீர் கேட்கும், வழியிலேயே செத்தும் போகும்.

[திரையில் எண்கள்: 2014 – 50 லட்சம் – 36 கோடி டாலர்]

2014-ல் சோமாலியாவிலிருந்து வெளியே போன கால்நடைகள் 50 லட்சம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தந்த கணக்கு இது. செம்மறியும் வெள்ளாடுமாக 46 லட்சம், மாடு 3 லட்சத்து 40 ஆயிரம், ஒட்டகம் 77 ஆயிரம். மதிப்பு 36 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால், ஒட்டகத்தையும் மாட்டையும் சேர்த்தே தலைக்கு 72 டாலர்தான் வருகிறது. ஆனால் நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 40 விழுக்காடு கால்நடையிலிருந்துதான். இந்த ஆடுகளுக்கு முதல் வாடிக்கையாளர் சவூதி.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'சோமாலியா' என்று சொன்னாலும் பெர்பெரா இருப்பது சோமாலிலாந்தில். 1991-ல் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட பகுதி, ஐ.நா.வில் இடம் கிடையாது. ஆடுகளில் பெரும்பங்கு எல்லைக்கு அப்பால், எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியில் மேய்ந்து வளர்ந்தது. ஆக, ஆடு ஒரு நாட்டில் பிறந்து, ஐ.நா.வில் இடமில்லாத இன்னொரு நாட்டில் கப்பலேறி, புள்ளிவிவரத்தில் மூன்றாவது நாட்டின் பெயரில் பதிவாகிறது. 'இரு நாட்டு வணிகம்' என்ற சொல் இங்கேயே லேசாக ஆட்டம் காண்கிறது.

[காட்சி: பழைய வரைபடம். ஏடன், அதற்கு எதிரே பெர்பெரா.]

கடலைத் தாண்டி ஆடு போவது புதிதல்ல. 1839-ல் ஏடனை (இன்றைய ஏமனின் துறைமுகம்) பிடித்த பிரிட்டிஷ்காரர்களுக்கு அங்கிருந்த படைக்கு இறைச்சி தேவைப்பட்டது. எதிர்க்கரையில் ஆடு இருந்தது. 1880-களில் இந்தக் கரையைத் தங்கள் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்ததற்கு அந்தச் சாப்பாட்டுத் தேவையும் ஒரு காரணம். 'ஏடனின் கசாப்புக்கடை' என்ற கேலிப்பெயரே இந்தக் கரைக்கு உண்டு. பின்னால் அரபு நாடுகளில் எண்ணெய்ப் பணம் பெருகியது, சாப்பிடும் வாய்களும் பெருகின, ஏடனின் இடத்துக்குச் சவூதித் துறைமுகமான ஜெத்தா வந்தது.

சரி, கடற்கரையை விட்டுவிட்டு மேட்டு நிலத்துக்குப் போவோம். புராவோ என்ற ஊர்.

[காட்சி: புழுதி. சந்தை. இரண்டு பேர் கைகுலுக்குவதுபோல் நிற்கிறார்கள். கைகளுக்கு மேல் ஒரு துணி.]

இந்தக் கைகளைக் கவனியுங்கள். குலுக்கவில்லை, பேரம் பேசுகிறார்கள். துணிக்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடிக்கிறார், அழுத்துகிறார், விடுகிறார். எந்த விரல், எத்தனை விரல், எப்படி அழுத்தினார் என்பதில் விலை இருக்கிறது. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரல் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரிய ஒரு நொடி போதும். ஒரே வித்தை, இரண்டு கரை.

விரல் பிடிக்கும் அந்த ஆளுக்கு அங்கே 'திலால்' என்று பெயர். அரபுச் சொல். இந்தியில் 'தலால்' என்கிறார்களே, அதே வேர். தமிழில் தரகர். ஆனால் நம் தரகரைவிட அவருக்குப் பொறுப்பு அதிகம். ஆட்டைக் கொண்டுவந்தவன் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், ஆடு அவனுடையதுதானா என்பதற்கெல்லாம் அவர்தான் ஜாமீன். நாளைக்கு 'இது திருட்டு ஆடு' என்று ஒருவன் வந்து நின்றால் வியாபாரி தேடிப்போவது திலாலைத்தான். பதிவேடு, பட்டா, ரசீது எல்லாம் செய்யவேண்டிய வேலையை ஒரு மனிதரின் பேச்சு செய்கிறது.

பணம்? கிடைத்தால் டாலர், இல்லையென்றால் கைப்பேசியில் 'ஜாட்' வழியாக. 2009-ல் வந்த கைப்பேசிப் பணம் அது. சில்லறை ஷில்லிங்கைக் கட்டுக்கட்டாகத் தூக்கிச் சுமந்த ஊருக்கு அது பெரிய விடுதலை. பெரிய மந்தைகளில் முழுப் பணமும் அன்றைக்கே கை மாறுவதில்லை. ஏற்றுமதியாளருக்கு ஜெத்தாவிலிருந்து பணம் வந்த பிறகுதான் மேய்ப்பருக்கு மீதி. அதாவது, கோடீஸ்வர இறக்குமதியாளருக்கு ஒட்டகம் மேய்க்கிறவன் கடன் கொடுக்கிறான். வங்கிகள் எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறந்து பாதுகாக்கிற வேலை இங்கே பலவீனம். ஹவாலாதான் தாங்கிப்பிடிக்கிறது. நம்மவர்கள் உண்டியல் என்பார்களே, அது.

[காட்சி: லாரிகள், மலைப்பாதை. பிறகு வேலி போட்ட பெரிய பட்டி. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுக்கிறார்.]

புராவோவிலிருந்து ஷேக் மலைப்பாதையில் இறங்கினால் பெர்பெரா. அங்கே குவாரண்டைன் பட்டி. காதில் அடையாள வில்லை, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி. தேறியது கப்பலேறும். செங்கடலுக்குள் நுழைந்து ஜெத்தா போய்ச்சேர இரண்டு மூன்று நாள்.

இந்தப் பட்டி சும்மா வரவில்லை. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. வீடியோவின் முக்கியமான பகுதியே இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

[திரையில்: ரிஃப்ட் வேலி காய்ச்சல்]

கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கில், நைவாஷா ஏரிப் பக்கம், 1930-களின் தொடக்கத்தில் கண்டறிந்த நோய் இது. கொசு பரப்பும். சினை ஆடு கருவைச் சிந்தும், குட்டிகள் சாகும், மனிதருக்கும் தொற்றும். இதில் ஒரு குரூரம் உண்டு. நோயைச் சுமக்கும் கொசுவின் முட்டை மண்பள்ளங்களில் வருடக்கணக்காகக் காய்ந்து கிடக்கும். பெருமழை வந்து பள்ளம் நிரம்பினால்தான் பொரியும். மேய்ப்பருக்கு மழை இல்லையென்றால் ஆடு சாகும், மழை கொட்டினால் நோய் வரும்.

1997 கடைசியில் எல் நினோ மழை கொட்டியது. கென்யாவிலும் சோமாலியாவிலும் காய்ச்சல். 1998 பிப்ரவரியில் சவூதி கதவை மூடியது. அந்த ஆண்டு ஹஜ், குர்பானிக்கு ஆடு அதிகம் விற்கும் காலம், ஏப்ரலில். அதாவது ஆடுகளைத் திரட்டிக்கொண்டிருக்கும் நேரம். முந்தின ஆண்டு பெர்பெராவும் அதற்குக் கிழக்கே உள்ள இன்னொரு துறைமுகமான பொசாசோவும் சேர்ந்து 30 லட்சத்தை ஒட்டி அனுப்பியிருந்தன. அதெல்லாம் சட்டென்று நின்றது. 1999-ல் திறந்தார்கள், ஒரு மூச்சு விடுவதற்குள் 2000 செப்டம்பரில் மறுபடி மூடல். இந்த முறை காய்ச்சல் சவூதிக்குள்ளேயே, தென்மேற்கில் ஜிஸான் பகுதியிலும் பக்கத்தில் ஏமனிலும் வந்துவிட்டது. ஆப்பிரிக்காவைத் தாண்டி அந்த நோய் உறுதியானது அதுதான் முதல்முறை. சவூதியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இவ்வளவு நடந்த பிறகு கதவை மூடியதற்காக யாரையும் திட்ட முடியாது.

ஆனால் எவ்வளவு காலம் மூடியிருக்கலாம்? மற்ற வளைகுடா நாடுகள் முன்னதாகவே தளர்த்தின. சவூதியின் தடை ஒன்பது ஆண்டு. 2009 நவம்பரில்தான் நீங்கியது, அந்த ஆண்டு ஹஜ்ஜுக்குச் சற்று முன். நடுவில் ஆடு சும்மா இருக்குமா? ஏமனுக்குப் போய் அங்கிருந்து தரைவழியாகப் போனது. 2006-ல் ஜிபூட்டியின் தமெர்ஜோக்கில் குவாரண்டைன் நிலையம் வந்ததும் அந்த வழியாகவும் போனது. ஆடு அதேதான், சான்றிதழில் போட்ட முத்திரைதான் வேறு. இடையில் கைமாறிய ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட பங்கு, புராவோவில் மேய்ப்பர் கைக்கு வரும் விலையில் கழிந்தது.

2016 டிசம்பரில் திரும்பவும் தடை. 2017 ஹஜ்ஜுக்கு முன் மட்டும் திறப்பு. அந்த இடைவெளியில்தான் சோமாலியாவில் கடும் வறட்சி. தீவனம் இல்லாத ஆட்டை விற்கவும் முடியாமல் வைத்திருப்பது எப்படிப்பட்ட நிலை என்று யோசித்துப் பாருங்கள். என் கணிப்பில் இந்த வணிகத்தில் விலை, சுங்கவரி எல்லாம் இரண்டாம்பட்சம். கால்நடை மருத்துவரின் கையெழுத்துதான் முதல். அதை யாருடைய மருத்துவர் போடுகிறார், யார் ஏற்றுக்கொள்கிறார் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது.

பணக்கார நாட்டுக்கும் இது நடந்திருக்கிறது. 2003-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து சுமார் 57 ஆயிரம் செம்மறிகளோடு போன 'கோர்மோ எக்ஸ்பிரஸ்' கப்பலை, வாய்ப்புண் நோய் இருக்கிறது என்று சவூதி ஏற்க மறுத்தது. வாங்க ஆளில்லாமல் வாரக்கணக்கில் கடலில் சுற்றி, கடைசியில் எரித்ரியாவில் இறக்கினார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஆஸ்திரேலியாவுக்கு ஆட்டை விட்டால் விற்க வேறு சரக்கு இருக்கிறது.

[காட்சி: துறைமுகம். அரிசி மூட்டைகள் இறங்குகின்றன.]

இப்போது எதிர்த்திசை. ஆடு விற்ற பணத்தில் சோமாலிகள் என்ன வாங்குகிறார்கள்? அரிசி, சர்க்கரை, மாவு, எண்ணெய், அப்புறம் பாஸ்தா. இத்தாலி ஆண்ட பழக்கம், விடவில்லை. ஆனால் இதில் பெரும்பகுதி சவூதியிலிருந்து வருவதில்லை, துபாயிலிருந்து வருகிறது. ஜெத்தாவில் சம்பாதித்ததை துபாயில் செலவழித்து, சரக்காக ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார் வியாபாரி. 1970-களின் பிற்பகுதியில் அரசே இதற்கு வழிவிட்டது. 'ஃபிராங்கோ வாலூட்டா' என்று அதற்குப் பெயர். வெளிநாட்டில் கிடைத்த டாலரை வங்கியில் கட்டாமல் சரக்காகவே கொண்டுவரலாம். அதனால் சோமாலியா–சவூதி ஏற்றுமதி, இறக்குமதி என்று இரண்டு பத்தி போட்டு 'பற்றாக்குறை, உபரி' என்று கணக்குப் பார்த்தால் பாதி கதை விட்டுப்போகும். பெர்பெரா துறைமுகத்தை 30 ஆண்டு ஒப்பந்தத்தில் நடத்துவதும் துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்ட்தான். 2016-ல் ஒப்பந்தம், 2021-ல் புதிய முனையம்.

கணக்கிலும் ஒரு சிக்கல். சோமாலியத் துறைமுகத்தில் தலையை எண்ணுகிறார்கள். ஜெத்தாவில் சுங்கத்துறை மதிப்பை எழுதுகிறது. அந்த மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும். ஒரே ஆட்டுக்கு இரண்டு விலை. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் எந்தக் கரையில் எழுதியது என்று முதலில் பாருங்கள்.

[காட்சி: இரவு வானம், மெல்லிய பிறை.]

கடைசியாக, பிறை. குர்பானி ஆட்டுக்கு விதிகள் உண்டு. வெள்ளாடு என்றால் ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும், நொண்டக்கூடாது, கண் பழுது கூடாது, எலும்பும் தோலுமாக இருக்கக்கூடாது. ஹஜ்ஜை ஒட்டிய சில வாரங்களில்தான் விலை உச்சிக்குப் போகும். அந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. 2024-ல் பெருநாள் ஜூன் 16, 2025-ல் ஜூன் 6. இது சோமாலியருக்கு நல்ல காலம். ஏப்ரல் முதல் ஜூன் வரை 'கூ' மழை, ஆடு கொழுத்து நிற்கும்.

பிறை ஓடிக்கொண்டே இருக்கிறது, மழை அதே இடத்தில் நிற்கிறது. 2030-களின் நடுவில் ஹஜ் பிப்ரவரி, மார்ச் பக்கம் போய்விடும். அது 'ஜிலால்', கடும் வறண்ட காலம். அப்போது ஆட்டைக் கொழுக்க வைக்க மேய்ச்சல் போதாது, தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சோமாலி மேய்ப்பர்களுக்குக் கிடாவைக் கயிற்றால் கட்டி, குட்டிகள் மழைக்காலத்தில் பிறக்கும்படி பார்த்துக்கொள்ளும் பழைய வழக்கம் உண்டு. சினைக்காலம் ஐந்து மாதம். கயிற்றை எப்போது அவிழ்ப்பது என்ற கணக்கை இனி மழையைப் பார்த்துப் போடுவதா, மக்காவின் நாட்காட்டியைப் பார்த்துப் போடுவதா?

[காட்சி: பட்டி. ஒரு சிறுவன் வைக்கோல் கட்டைப் பிரித்து வீசுகிறான். கருந்தலைகள் கூட்டமாக முண்டியடிக்கின்றன.]