அப்பாவின் வானொலியும் எங்கள் கிட்டார் குழுவும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அறுபதுகளின் சிங்கப்பூர்க் கிட்டார் குழுக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், இசைத்தட்டு வெளியிட்டவர்களைத்தான் வழக்கமாக அழைப்பார்கள். நான் இசைத்தட்டு வெளியிடாத, செய்தித்தாளில் பெயர் வராத, செம்பவாங் வட்டாரத்துக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஒரு குழுவில் எட்டாண்டு, தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசித்தவன். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த குழுக்களில் பெரும்பாலானவை எங்களைப் போன்றவையே என்பதால், அவற்றின் சார்பில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நாங்கள் எல்லோரும் ‘நேவல் பேஸ்’ என்றே சொன்ன அந்த இடத்தில், 1938இல் திறக்கப்பட்ட, கப்பல்களை நீர் வடித்துப் பழுதுபார்க்கும் மாபெரும் உலர்துறையைச் சுற்றித் தமிழரும் மலையாளிகளும் மலாய்க்காரரும் சீனரும் வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்பது இந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் குழுவில் முதன்மைக் கிட்டார் வாசித்தவர் சீனர், டிரம்ஸ் வாசித்தவர் மலாய்க்காரர், பாடியவர் ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழிவந்த யுரேசியர், தாளக் கிட்டாரும் பேஸும் தமிழர்கள். யாரும் திட்டமிட்டு அப்படிச் சேர்க்கவில்லை. ஒரே வரிசையில் குடியிருந்தோம், அவ்வளவுதான்.

1961 நவம்பரில் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருக்கு வாசித்த ‘தி ஷாடோஸ்’ குழுவினரும் ஹேப்பி வேர்ல்ட் அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது, நுழைவுச்சீட்டுக்குக் காசில்லை. போய் வந்த அண்டை வீட்டு அண்ணன் மறுநாள் விவரித்ததில், பாட்டைவிட எங்களை ஈர்த்தது ஆள் கணக்குதான்: மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ், முடிந்தது. அதுவரை இசைக்குழு என்றால் ஊதுகுழல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பதும், தலைமை வகிக்க ஒருவர் நிற்பதும்தான் எங்கள் மனத்தில் இருந்தது. இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாத நாலு பேர் நின்றுகொண்டே ஒரு மண்டபத்தை நிறைக்கலாம் என்ற செய்தி, ‘அப்பாச்சி’ என்ற அவர்களுடைய வாத்திய இசைத்தட்டை ஏற்கெனவே தேயத் தேயக் கேட்டிருந்த எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

என் முதல் வாத்தியம் ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கம்பை அதன் விளிம்பில் நிறுத்தி, நடுத்துளையிலிருந்து கம்பின் நுனிக்குக் கயிறு கட்டினால், கம்பைச் சாய்க்கும் அளவுக்கு ஏற்பச் சுருதி ஏறி இறங்கும். வீட்டுப் பொருள்களையே வாத்தியமாக்கிய இங்கிலாந்தின் ஸ்கிஃபிள் குழுக்களில் இருந்த வழக்கம் அது. ஓராண்டு கழித்து, பட்டறைத் தச்சர் ஒருவர் எனக்கு ஒரு பலகையைக் குடைந்து பேஸ் கிட்டார் செய்து கொடுத்தார். அவர் கைத்திறனில் குறையே இல்லை. ஆனால் மெட்டுகள், அதாவது சுரம் பிடிக்கக் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதிக்கும் கம்பிகள், பதிக்க வேண்டிய இடைவெளியை நண்பருடைய சாதாரணக் கிட்டாரைப் பார்த்து அப்படியே நகல் எடுத்துவிட்டார். மெட்டு இடைவெளி கம்பியின் நீளத்தைப் பொறுத்தது. மீதமுள்ள நீளத்தில் ஏறக்குறைய 18இல் ஒரு பங்கு வீதம் ஒவ்வொரு மெட்டுக்கும் குறைந்துகொண்டே வர வேண்டும். பேஸின் கம்பி நீளமானது என்பதால், என் கிட்டாரில் முதல் மூன்று மெட்டுகள் பொறுத்துக்கொள்ளும்படி இருந்தன, அதற்கு மேலே போனால் ஒவ்வொன்றும் வேறோர் ஊருக்குப் போய்விடும். ஆகவே மூன்று மெட்டுக்குள்ளேயே எல்லாப் பாட்டையும் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். என் வாசிப்பு அடக்கமானது என்று பிற்பாடு சிலர் பாராட்டியதற்கு உண்மையான காரணம் இதுதான்.

ஒலிபெருக்கி வாங்க வழியில்லை. அக்காலத்து வால்வு வானொலிகளின் பின்புறத்தில் கிராமபோனை இணைப்பதற்கென ஒரு துளை இருக்கும், அதில் கிட்டாரைச் செருகினால் வானொலியே ஒலிபெருக்கியாகிவிடும். அப்பா வேலைக்குப் போன பிறகு நான் அதைச் செய்து வந்தேன். வானொலிக்குள் ஒலி எழுப்பும், பேச்சுக்கும் பாட்டுக்குமாகச் செய்யப்பட்ட காகிதக் கூம்பு, பேஸ் கம்பியின் அதிர்வைத் தாங்காமல் ஒருநாள் விளிம்பில் கிழிந்தது. அன்று இரவு தமிழ்ச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த அப்பா, “தம்பி, செய்தி வாசிக்கிறவருக்குச் சளி பிடிச்சிருக்கு போல” என்றார். மூன்று நாள் அந்தச் சளி குறையாததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த சம்பள நாளில் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தைக்குப் போய் ஒரு கிழட்டு வானொலியை வாங்கி வந்து என் முன்னால் வைத்து, “இதைக் கிழி” என்றார். அந்த வானொலி மின்மாற்றி இல்லாத வகை. அதன் உலோகச் சட்டகத்திலேயே மின்சாரம் ஓடும். கிட்டார் கம்பியில் கையை வைத்தபடி ஒலிவாங்கிக்கு அருகில் வாயைக் கொண்டுபோனால் உதட்டில் சுளீரென்று ஒரு கடி விழும். எங்கள் குழுவில் பேஸ்காரர் சேர்ந்து பாடாததற்குக் காரணம் இதுதான், கூச்சமல்ல.

பாட்டைப் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆசான் இசைத்தட்டுதான். நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 33 சுற்றில் ஓடவிட்டால் வேகம் முக்கால் பங்காகக் குறையும், சுருதியும் ஏறக்குறைய ஒரு மத்திமம், அதாவது ‘ம’விலிருந்து ‘ச’ வரையுள்ள தூரம், கீழே இறங்கிவிடும். அப்படி இறங்கிய இசையை முதன்மைக் கிட்டார்க்காரர் ஒவ்வொரு சுரமாகப் பிடித்து, மனத்துக்குள்ளேயே மேலே தூக்கி, சரியான இடத்தில் வைப்பார். பேஸின் நிலைமை கடினம். ஏற்கெனவே தாழ்ந்த ஒலி இன்னும் தாழ்ந்து வெறும் உறுமலாகிவிடும் என்பதால், பாதியைக் கேட்டும் பாதியை ஊகித்தும்தான் நான் வாசித்தேன். இதை நகலெடுப்பு என்று அன்றும் இகழ்ந்தார்கள், இன்றும் இகழ்கிறார்கள். ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் காதைக் கொடுத்து உட்கார்ந்ததை அவ்வளவு எளிதாக இகழ என்னால் முடியவில்லை.

1964 எங்களுக்கு ஏற்றமும் கலக்கமும் சேர்ந்து வந்த ஆண்டு. ‘தி குவெஸ்ட்ஸ்’ என்ற உள்ளூர்க் குழுவின் ‘ஷாண்டி’ இங்கே பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. மலாய்க் குழுக்கள் ‘பாப் யே யே’ என்று தங்கள் மொழியிலேயே பாடத் தொடங்கியிருந்தன. அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக்கலவரம் வெடித்து ஊரடங்கு வந்தது. எங்கள் டிரம்ஸ்காரரும் முதன்மைக் கிட்டார்க்காரரும் இரண்டு வாரம் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவர்கள் வீடுகளுக்கு இடையில் நாற்பது அடி தூரம்தான். ஊரடங்கு தளர்ந்த முதல் மாலை எல்லோரும் வந்து உட்கார்ந்தோம், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, வாசித்தோம். சமூக நல்லிணக்கத்துக்கு எங்களை எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அன்று நாங்கள் மோசமாக வாசித்தோம்.

பணம் தளத்திலிருந்துதான் வந்தது. பெயரில் கப்பலாகவும் உண்மையில் தரைமேல் படைக் குடியிருப்பாகவும் இருந்த எச்.எம்.எஸ். டெரரில், கப்பலேறி வந்த மாலுமிகளுக்காக வாசித்தால் ஓரிரவுக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து நாற்பது வெள்ளி (டாலர்) கிடைக்கும். ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸ் போன்ற இடங்களில் ஞாயிறு பிற்பகல்களில் மது இல்லாத ‘டீ டான்ஸ்’ நடக்கும். அங்கே வாசிப்பது பெரிய குழுக்களுக்குரிய பேறு. நாங்கள் அங்கே போனது ஆடத் தெரியாமல் சுவரோரம் நிற்கத்தான். நகரத்தில் ஓர் உணவகத்தில் இரண்டு மாதம் வாசித்துவிட்டுச் சம்பளத்துக்குப் பதில் இரவுச் சாப்பாடு மட்டும் பெற்றோம். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

இந்தக் குழுக்கள் ஏன் மறைந்தன என்று கேட்டால், பலரும் நீள முடியைச் சொல்கிறார்கள். எழுபதுகளில் முடி வளர்த்த ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் சேவை என்று அறிவிப்பு ஒட்டியதும், முடியின் காரணமாக 1972இல் லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழு இங்கே வாசிக்க முடியாமல் போனதும் உண்மைதான். ஆனால் எங்கள் குழுவில் நீள முடிக்காரர் ஒருவரும் இல்லை. அப்பாக்கள் விட்டிருக்க மாட்டார்கள். என் கணக்கு வேறு. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்ற அறிவிப்பு 1968 ஜனவரியில் வந்தது, அதே ஆண்டு கப்பல் பட்டறை கைமாறியது, 1971 முடிவதற்குள் படைகளில் பெரும்பகுதி போய்விட்டது. எங்களுடைய மேடையும், அந்த நாற்பது வெள்ளியும், அப்பாமார்களின் வேலையும் ஒரே தளத்தை நம்பி இருந்தவை. தாளக் கிட்டார்க்காரர் தொழிற்சாலையில் இரவுப் பணிக்குச் சேர்ந்தார், பாடகர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். தச்சர் செய்து தந்த பேஸைச் சுங்கை ரோட்டில் பன்னிரண்டு வெள்ளிக்கு விற்றேன். மெட்டுகளைப் பற்றி வாங்கியவரிடம் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு என் பேத்தி, சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தை மட்டும் குறைக்கும் ஒரு செயலியைத் தன் கைப்பேசியில் காட்டினாள். ‘அப்பாச்சி’யைப் போடச் சொன்னேன். பேஸ் தெளிவாக, உறுமல் இல்லாமல் கேட்டது. இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் எட்டாண்டும் நான் தவறான சுரத்தை வாசித்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உடனே டிரம்ஸ்காரரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவருக்கு அது அப்போதே தெரியுமாம்.