கவர்னர் குழுவில் யார் உட்காருகிறார்கள்?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

உங்களிடம் நன்கொடை கேட்க நான் வரவில்லை. பள்ளியை நிர்வகிக்கும் கவர்னர் குழுவில் நீங்கள் சேர வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். அதற்கு ஒவ்வொரு பருவத்திலும் சில மாலைகளும், அந்த மாலைகளுக்கு முன் கட்டுக்கட்டாக வந்து சேரும் தாள்களைப் படிக்கும் பொறுமையும் வேண்டும்.

இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க நம் குடும்பங்கள் படும் பாடு இந்த அவைக்குத் தெரியும். ஆனால் அந்தப் பள்ளிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், தலைமையாசிரியர் என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பள்ளிகளில் பல, சட்டப்படி அறக்கட்டளைகள். அவற்றின் கவர்னர்கள்தாம் அறங்காவலர்கள். பள்ளி கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் அதன் இயக்குநர்களும் அவர்களே. தலைமையாசிரியரை நியமிப்பதும், வேண்டிவந்தால் விலக்குவதும், கட்டணத்தை முடிவு செய்வதும் அவர்கள் கையில். இத்தனையும் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலை.

அந்த இடத்துக்கு ஆட்கள் எப்படி வந்து சேர்கிறார்கள்? அறக்கட்டளைகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான சாரிட்டி கமிஷனுக்காக நடத்தி 2017இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பள்ளிகள் மட்டுமல்ல, இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் உள்ள அறக்கட்டளைகளைப் பற்றியது அது. அறங்காவலர்களில் 92 விழுக்காட்டினர் வெள்ளையர். பெண்களைவிட ஆண்கள் இரண்டு மடங்கு. பெரும்பாலோர் விளம்பரம் பார்த்து வந்தவர்களும் அல்லர், தெரிந்தவர் கூப்பிட்டு வந்தவர்கள். பழைய மாணவர் தன் நண்பரைச் சொல்வார், அந்த நண்பர் தன்னுடன் கோல்ஃப் ஆடுபவரைச் சொல்வார். வருகிறவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் ஒரே மாதிரி வாழ்ந்தவர்களுக்கு ஒரே மாதிரிக் கேள்விதான் எழும். எழாத கேள்விக்கு எந்தக் குழுவும் விடை தேடுவதில்லை.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு காலத்தில், கல்விக்காக நடக்கும் அறக்கட்டளை என்றாலே பொதுநலனுக்கு நடப்பது என்று சட்டம் தானாகவே எடுத்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டம் அந்த அனுமானத்தை நீக்கியது. அப்படியானால் கட்டணம் வாங்கும் பள்ளி எவ்வளவு செய்தால் பொதுநலன் ஆகும் என்பதில் சாரிட்டி கமிஷனுக்கும் தனியார் பள்ளிகள் கவுன்சிலுக்கும் இடையே வழக்கு நடந்தது. 2011 அக்டோபரில் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்னது. கட்டணம் கட்ட வழியில்லாதவர்களைப் பள்ளி அடியோடு ஒதுக்கக் கூடாது, பேருக்கு ஏதோ செய்துவிட்டு நின்றுவிடவும் கூடாது. அதற்கு மேல் எதைச் செய்வது, எவ்வளவு செய்வது என்பதை அந்தந்தப் பள்ளியின் அறங்காவலர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். உதவிக் கட்டணத்துக்கு, அதாவது வசதியில்லாத பிள்ளைகளின் கட்டணத்தைக் குறைக்க, ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறது. அதைக் கொண்டு இரண்டு பிள்ளைகளுக்கு முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யலாம், இருபது பிள்ளைகளுக்குப் பத்து விழுக்காடும் குறைக்கலாம். கணக்குப்படி இரண்டும் ஒரே செலவு. இருபது பேருக்குக் கொடுத்தால் அறிக்கையில் எண்ணிக்கை நன்றாக இருக்கும். ஆனால் மீதித் தொண்ணூறு விழுக்காட்டைக் கட்ட முடிந்த வீடுதானே அதைப் பயன்படுத்த முடியும்? சரி, முழுத் தள்ளுபடியே கொடுத்தோம் என்று வையுங்கள். சீருடைக்கு யார் பணம் தருவார்கள்? பள்ளிப் பேருந்துக்கு? வகுப்பே கிளம்பிப் போகும் பனிச்சறுக்குப் பயணத்துக்கு? சீருடைப் பட்டியலைப் பார்த்துத் தாயின் முகம் மாறியதைச் சின்ன வயதில் கண்டவர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், இந்தக் கேள்வி முதல் கூட்டத்திலேயே வந்துவிடும். இல்லாவிட்டால் வராமலே போகலாம்.

கேள்வி கேட்பவர்கள் இப்போது இன்னும் அதிகமாகத் தேவை. 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20 விழுக்காடு வாட் வரி. அதே ஆண்டு ஏப்ரலில், இங்கிலாந்தில் அறக்கட்டளைப் பள்ளிகளுக்கு இருந்த 80 விழுக்காட்டு வணிகச் சொத்துவரிச் சலுகையும் போயிற்று, ஊழியருக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீட்டு விகிதமும் 13.8 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு ஆனது. இந்த வரி சரியா தவறா என்று இந்த மேடையில் நான் வாதாடப் போவதில்லை. பணம் இறுகும்போது முதலில் எதில் கை வைப்பது என்ற பேச்சு வரும். உதவிக் கட்டணத்தைக் குறைப்பது சுலபம், ஏனென்றால் இன்னும் சேராத பிள்ளைக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் சட்டம் படித்திருக்க வேண்டுமா என்பீர்கள். வேண்டாம். கணக்காளர் வேண்டும், கட்டடம் தெரிந்தவர் வேண்டும், ஆசிரியராக இருந்தவர் கட்டாயம் வேண்டும், அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனையில் வார்டை நடத்திய செவிலியரும் வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் கவர்னர் என்ன செய்கிறார் என்று சொல்கிறேன். ஊழியர் சோதனைப் பதிவேடு என்று ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து, சமையலறையில் வேலை செய்பவர், இசை ஆசிரியர், போன மாதம் சேர்ந்த உதவியாளர் என்று சில பெயர்களைத் தானே பொறுக்குவார். அடையாளம் பார்த்தாயிற்றா, குற்றப் பின்னணி உண்டா என்று காட்டும் டி.பி.எஸ். சான்று வந்த தேதி எது, வேலையில் சேர்ந்த தேதி எது என்று வரிசையாகப் பார்ப்பார். சான்று வருவதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தால், அதுவரை அவரை யார் மேற்பார்த்தார்கள், அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார். வார்டில் மருந்துப் பதிவேட்டைச் சரிபார்த்தவருக்கு இது புதிய வேலையா?

குழுக்களை நடத்துகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்ன திறமை குறைகிறது என்று முதலில் எழுதிப் பார்த்து, வெளிப்படையாக விளம்பரம் செய்யுங்கள். பெரிய நன்கொடை தந்தவர் என்பதற்காக இடம் கொடுக்காதீர்கள். பெற்றோர் இருக்கட்டும், ஆனால் குழு முழுக்கப் பெற்றோராக இருந்தால், தம் வீட்டுக் கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். ரயில் கட்டணத்தையும், கூட்டத்துக்கு வரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையும் கவர்னருக்குத் திருப்பித் தரச் சட்டம் அனுமதிக்கிறது. அதை விளம்பரத்திலேயே போடுங்கள். இளம் தாய் ஒருவர் விண்ணப்பிப்பதும் ஒதுங்கிப் போவதும் அந்த ஒரு வரியைப் பொறுத்திருக்கலாம்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் அந்தப் பள்ளியின் ஆண்டறிக்கையையும் கணக்கையும் எடுத்துப் படியுங்கள். இலவசம்தான். கையிருப்பு எவ்வளவு, மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு குழுத் தலைவரைச் சந்தித்து, கடைசியாக விலகியவர் ஏன் விலகினார், கூட்டங்கள் எந்த நேரத்தில் நடக்கும், தாள்கள் எத்தனை நாள் முன்னதாக வரும் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத குழுவில் சேராதீர்கள். திவாலாகி இன்னும் விடுபடாதவரும், நேர்மையின்மைக்காகத் தண்டனை பெற்று அது காலாவதியாகாதவரும் அறங்காவலராக முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலையிடத்திலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உள்ளாட்சி மன்றம் நடத்தும் அரசுப் பள்ளியின் கவர்னருக்கு வேலை நேரத்தில் நியாயமான விடுப்புக் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு, தனியார் பள்ளிக் கவர்னருக்கு அந்த உரிமை இல்லை.

விளம்பரம் கண்ணில் படாவிட்டால் குழுத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உங்கள் தொழில் என்ன, எந்த மாலைகளில் வர முடியும், அந்தப் பள்ளியின் கணக்கைப் படித்ததில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி என்ன என்று அதில் இருக்கட்டும். கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்பவர்களோடு கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து எழுத நான் தயார்.