நஞ்சு கையில் இருக்கிறது, எப்போது கக்குவது?

எல்லாருக்கும் வணக்கம். நம் வீட்டுப் பெரியவர்கள் வாந்திபேதி என்பார்களே, அந்தக் காலராவை வைத்தே இன்று பேசப் போகிறேன். நோய்க்கிருமி என்றால் எந்நேரமும் நஞ்சைக் கக்கிக்கொண்டே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. நஞ்சு செய்வது கிருமிக்குச் செலவு பிடித்த வேலை. பயனில்லாத இடத்தில் செலவழிக்கிற கிருமி, பக்கத்தில் இருக்கிற சிக்கனக்காரக் கிருமியிடம் தோற்றுவிடும்.

வங்கக் கடலோரத்துக் கழிமுகத் தண்ணீரில் காலராக் கிருமியான விப்ரியோ காலரே தன் பாட்டுக்கு வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு ஓட்டுயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு, அவற்றின் ஓட்டையே தின்று பிழைக்கிறது. அங்கே அதற்கு நம் நினைப்பே கிடையாது.

அந்தத் தண்ணீரை ஒருவர் குடிக்கிறார். இரைப்பை அமிலத்தில் பெரும்பாலானவை செத்துப்போகும். தப்பித்தவை சிறுகுடலுக்கு வருகின்றன. அங்கே பித்த உப்பு இருக்கிறது, ஆக்சிஜன் குறைவு. இடம் மாறியது கிருமிக்கு எப்படித் தெரியும்? அதன் உள்சவ்வில் டாக்ஸ்-ஆர் என்றொரு புரதம் குத்திட்டு நிற்கிறது. ஒரு முனை சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு முனை உள்ளே டிஎன்ஏவைப் பிடிக்கும். வாசற்படியில் நின்றபடி ஒரு கையைத் தெருவில் நீட்டி, மறுகையில் பீரோ சாவியை வைத்திருக்கிற ஆள் மாதிரி. வர்ஜீனியா மில்லரும் ஜான் மெக்கலானோஸும் 1984-ல் இதை அடையாளம் காட்டினார்கள். இதுவும் டிசிபி-பி என்ற கூட்டாளியும் சேர்ந்து டாக்ஸ்-டி மரபணுவை முடுக்கிவிடும். டாக்ஸ்-டி வந்துவிட்டால் இரண்டு வேலை நடக்கும்: குடலில் தங்குவதற்கான மெல்லிய இழைகள் முளைக்கும், நஞ்சும் தயாராகும். குடற்செல்கள் உப்பையும் தண்ணீரையும் கொட்டத் தொடங்கும். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகும் என்பார்களே, அது இதுதான். இப்படி ஒரு நஞ்சு உண்டு என்பதை முயல் குடலில் நிரூபித்து 1959-ல் வெளியிட்டவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. அவருக்குக் கிடைத்த மரியாதை போதவே போதாது என்பது என் கட்சி.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஆய்வகத்தில் பழைய ரகக் காலராக் கிருமியை உடல் சூடான 37 டிகிரியில் வளர்த்தால் நஞ்சு சரியாக வராது. 30 டிகிரியில், லேசாக அமிலத்தன்மை உள்ள ஊடகத்தில்தான் நன்றாக வரும். குடலில் நடப்பதற்கு நேர் எதிர்! குடுவையைக் குடல் என்று நம்பிவிடக் கூடாது.

இன்னொன்று. அந்த நஞ்சின் மரபணு கிருமிக்குச் சொந்தமே இல்லை. ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996-ல் வால்டரும் மெக்கலானோஸும் காட்டினார்கள். வைரஸ் உள்ளே நுழைய எதைப் பிடித்துக்கொள்கிறது தெரியுமா? குடலில் தங்க உதவும் அதே இழையைத்தான். சரக்கு இரவல், அதைத் திறக்கிற சாவி கிருமியின் கையில்.

அப்புறம், எண்ணிக்கை பெருகினால்? படை சேர்ந்ததும் தாக்கும் கிருமிகள் உண்டு. காலரா தலைகீழ். ஒவ்வொரு கிருமியும் ஒருவகைச் சிறு மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கூட்டம் கூடினால் அதன் செறிவும் கூடும். உடனே ஹாப்-ஆர் என்ற புரதம் எழுந்து, டாக்ஸ்-டி வரைக்கும் போகிற கட்டளைச் சங்கிலியை மேலேயே அறுத்துவிடுகிறது. ஒட்டியதைப் பிய்த்துவிடும் நொதி ஒன்றும் சுரக்கிறது. வந்த வேலை முடிந்தது, பேதியோடு வெளியே போய் அடுத்த ஆளைப் பார்க்கலாம் என்கிற கணக்கு.

சரி, அந்தச் சாவியை நாம் பிடுங்கிக்கொண்டால்? 2005-ல் விர்ஸ்டாட்டின் என்ற சிறு மூலக்கூறு டாக்ஸ்-டியை முடக்கியது. அது கிருமியைக் கொல்லவில்லை. ஆனாலும் எலிக்குட்டிகளின் குடலில் கிருமியால் காலூன்ற முடியவில்லை. மருந்துக்கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. காலரா நோயாளிக்கு முதலில் கொடுப்பது இன்றைக்கும் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைத்தான்.