மேலதிகாரி நீட்டும் நன்கொடைச் சீட்டு

வணக்கம் நேயர்களே. இன்று நன்கொடை கேட்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீர்கள், உங்களிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

அலுவலகத்தில் மேலே இருப்பவர், தனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் கட்சிக்கும் தேர்தலுக்கும் பணம் கேட்கிறாரே, அதுதான் விஷயம். அதுவும் அமெரிக்காவில். ஏன் அமெரிக்கா என்று கேட்டால், நான் ஊழியர் சங்க வேலையில் ரொம்பக் காலம் இருந்தவன், சர்வீஸ் விதிகளைப் புரட்டிப் புரட்டி அங்கிருந்து எப்படியோ அமெரிக்க வழக்குகளுக்குப் போய், அது ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. வீட்டில் இதைக் கேட்க ஆளில்லை. நிலையத்தார் கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டேன்.

நீங்கள் எந்த ஆபீஸில் இருந்திருந்தாலும் ஒரு வசூல் லிஸ்ட் உங்கள் மேஜைக்கு வந்திருக்கும். யாருக்கோ பிரிவு உபசாரம், யார் வீட்டிலோ கல்யாணம். பியூன் கொண்டுவந்தால் ஐம்பது ரூபாய் போடுவோம், அல்லது ‘ஒண்ணாம் தேதி பார்க்கலாம்பா’ என்று அனுப்பிவிடுவோம். அதே லிஸ்டை மேனேஜரே எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றால்? கை தானாகப் பர்ஸைத் தேடும். அவர் மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை, ‘இஷ்டம் இருந்தால் போடுங்கள்’ என்றுதான் சொல்கிறார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கேட்பவர் யார் என்று பாருங்கள், யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்ற லிஸ்ட் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மிரட்டினாரா இல்லையா என்று தேடிக்கொண்டிருந்தால் ஒருநாளும் சாட்சி கிடைக்காது.

இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் 1882-இல் இருக்கிறது. ஜே ஹப்பல் என்று மிச்சிகன் மாநிலத்து எம்.பி. ஒருவர், குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் தேர்தல் குழுவுக்குத் தலைவர் (காங்கிரஸ் என்பது அங்கே நாடாளுமன்றத்தின் பெயர்). அந்த வருடம் மே மாதம் மத்திய அரசு ஊழியர்களுக்கு வரிசையாக ஒரு கடிதம் போகிறது. பெரிய அதிகாரி, குமாஸ்தா, எடுபிடி வேலை பார்ப்பவர், எல்லாருக்கும். கணக்கு, சம்பளத்தில் 2 சதவீதம். வருடம் 1,000 டாலர் வாங்குபவர் என்றால் 20 டாலர். கடிதத்தின் நயத்தைக் கேளுங்கள்: கட்சி நிதிக்குக் கொடுப்பதை நீங்கள் ஒரு பாக்கியமாகவும் மகிழ்ச்சியாகவும் நினைப்பீர்கள் என்று குழு நம்புகிறது, இப்படி நீங்களாக முன்வந்து கொடுப்பதற்கு மேலிடத்தில் எங்கும் ஆட்சேபம் இருக்காது என்று சொல்லக் குழுவுக்கு அனுமதி உண்டு. இந்த ரீதியில் போகிறது. ஆட்சேபம் இருக்காதாம்! கொடுக்காவிட்டால் ஆட்சேபம் உண்டா என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பணம் அனுப்பாதவர்களுக்குச் சில மாதம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. முதல் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது, மற்ற வேலைகளின் நெருக்கடியில் மறந்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். அவ்வளவுதான். இந்த இரண்டாவது கடிதம் இருக்கிறதே, இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. அதில் மிரட்டல் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு சொல் இல்லை. ஆனால் நீங்கள் கொடுக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும் என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. லிஸ்ட் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. ஒரு அரசு ஊழியர் இன்னொரு ஊழியரிடம் அரசியலுக்குப் பணம் கேட்கக் கூடாது என்று 1876-லேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் எம்.பி. ஊழியர் இல்லையே, ஆகவே அந்தச் சட்டம் ஹப்பலைத் தொடாது என்று வாதம். எப்படி இருக்கிறது பாருங்கள்.

அதற்கு முந்தைய வருடம்தான் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டிருந்தார்கள். 1881 ஜூலையில் சுடப்பட்டு, செப்டம்பரில் இறந்தார். சுட்டவன் கீட்டோ, தேர்தலில் கட்சிக்கு உழைத்தேன், பாரிஸில் தூதரகப் பதவி கொடுங்கள் என்று நடையாய் நடந்து கிடைக்காமல் போனவன். கட்சிக்கு உழைத்தால் அரசு வேலை, வேலை கிடைத்தால் கட்சிக்குக் கப்பம். இந்தச் சக்கரம் சுற்றியதில் ஒரு ஜனாதிபதி உயிரே போனதும் நாட்டுக்குக் கோபம் வந்தது. 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது. அரசு வேலைக்குப் பரீட்சை என்று கொண்டுவந்ததால்தான் அந்தச் சட்டத்தை நமக்குத் தெரியும். ஆனால் அதே சட்டத்தில், அரசு அலுவலகக் கட்டிடத்துக்குள் யாரும் அரசியல் நன்கொடை கேட்கக் கூடாது, கொடுத்ததற்கோ கொடுக்காததற்கோ யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் போட்டார்கள். எம்.பி.க்களும் இப்போது உள்ளே வந்துவிட்டார்கள். கவனியுங்கள், மிரட்டிக் கேட்கக் கூடாது என்று எழுதவில்லை. கேட்கவே கூடாது. விஷயம் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம். கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் யார் தெரியுமா? நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர். அங்கே ஊழியர் சம்பளத்தில் கட்சிக்குப் பங்கு பிடிப்பது ஊரறிந்த வழக்கம்.

1908-இல் இன்னொரு வழக்கு. டெக்சாஸில் டல்லாஸ் நகரத்துத் தபால் அலுவலகக் கட்டிடத்தில் வேலை பார்த்தவருக்கு நன்கொடை கேட்டு வெளியிலிருந்து ஒரு கடிதம். அனுப்பியவர், நான் கட்டிடத்துக்குள் காலே வைக்கவில்லையே என்கிறார். நீதிபதி ஹோம்ஸ் ஏற்கவில்லை. கடிதம் எங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கேதான் கேட்டதாகக் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பு மேல் தனிப் பிரியம்.

சரி, இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பீர்கள். இல்லினாய்ஸுக்கு வாருங்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், அவசரப்படுத்த வேண்டாம் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சிகாகோ இருக்கிற மாநிலம். அங்கே ‘மாநிலச் செயலாளர்’ என்று ஒரு பதவி. நம் காதுக்குத் தலைமைச் செயலாளர் மாதிரி கேட்கும், ஆனால் அது மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி, டிரைவிங் லைசென்ஸ் கொடுப்பதெல்லாம் அந்த அலுவலகம்தான். 1991-இலிருந்து அந்தப் பதவியில் இருந்தவர் ஜார்ஜ் ரையன். கன்ககீ என்ற ஊரில் மருந்துக்கடைக்காரராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அவருடைய தேர்தல் நிதிக்காக விருந்துக் கூட்டங்கள் நடக்கும், அதற்கு டிக்கெட் உண்டு. அந்த டிக்கெட்டுக் கட்டுகள் லைசென்ஸ் அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்தன. ஊழியர்களே வாங்கலாம், அல்லது விற்றுத் தரலாம்.

இப்போது ஒரு லைசென்ஸ் ஆபீஸ் ஊழியரின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். மேஜையில் டிக்கெட்டுக் கட்டு. மேலதிகாரி போகும்போதும் வரும்போதும் ‘எத்தனை ஆச்சு?’ என்கிறார். சொந்தப் பணத்தில் எத்தனை வாங்க முடியும்? சொந்தக்காரர்களிடம் எத்தனை முறை நீட்ட முடியும்? எதிரே வரிசையில் லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும் என்று ஆட்கள் நிற்கிறார்கள், பரீட்சையில் தேறாதவர்கள், பணம் கொடுக்கத் தயாரானவர்கள். சிலர் அந்த வழியில் இறங்கினார்கள். லஞ்சம் வாங்கினார்கள், லைசென்ஸ் கொடுத்தார்கள், அந்தப் பணத்தில் டிக்கெட் வாங்கினார்கள். இப்படி ரையனின் தேர்தல் நிதிக்குப் போய்ச் சேர்ந்த லஞ்சப் பணம் சுமார் 1,70,000 டாலர் என்று சொல்லப்பட்டது.

1994 நவம்பர் 8. அன்றைக்கு அங்கே தேர்தல் நாளும்கூட. விஸ்கான்சினில் மில்வாக்கி பக்கத்து நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் பின்பக்கத்திலிருந்து ஓர் இரும்புப் பாகம் கழன்று தொங்குகிறது. மற்ற லாரிக்காரர்கள் ரேடியோவில் ஆங்கிலத்தில் எச்சரிக்கிறார்கள், இந்த லாரியை ஓட்டியவருக்கு ஆங்கிலம் புரியவில்லை. இரும்பு சாலையில் விழுந்து, பின்னால் வந்த வேன் அதன்மேல் ஏறி, பெட்ரோல் டேங்க் கிழிந்து தீப்பிடித்தது. சிகாகோவைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் குடும்பம். பிள்ளைகள் 6 பேர் இறந்துபோனார்கள். லாரி ஓட்டியவரின் லைசென்ஸ் லஞ்சம் கொடுத்து வாங்கியது என்பது பிறகுதான் வெளியே வந்தது. அந்த அலுவலகத்தின் சொந்த விசாரணைப் பிரிவிலேயே ஓர் ஆய்வாளர் இதைத் தோண்டப் பார்த்தார், அவர் மேலதிகாரி தடுத்தார், அந்த மேலதிகாரி பிற்பாடு விசாரணைக்கு இடையூறு செய்ததாக ஒப்புக்கொண்டார். விஷயம் வெளியே வந்ததற்கு முக்கியக் காரணம் உள்ளே இருந்தே வாய் திறந்த ஊழியர்கள். சங்கத்துக்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அன்றைய தேர்தலில் ரையன் மறுபடி ஜெயித்தார். 1999-இல் கவர்னரும் ஆனார். 2003-இல் பதவி விட்டுப் போகிற வாரத்தில், அம்மாநிலச் சிறைகளில் மரண தண்டனைக் கைதிகளாக இருந்த அத்தனை பேரின் மரண தண்டனையையும் நீக்கி உலகப் புகழ் பெற்றவரும் இதே ரையன்தான். மனிதர்களை ஒரே பெட்டியில் போட முடிவதில்லை, என்ன செய்வது. வழக்கில் எழுபதுக்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். அவருடைய தேர்தல் நிதிக் குழுவே குற்றவாளி என்று 2003-இல் தீர்ப்பானது. 2006-இல் ரையனும் குற்றவாளி என்றார்கள். வேண்டியவர்களுக்கு அரசு ஒப்பந்தம், அரசு ஊழியர்களைத் தேர்தல் வேலைக்கு இழுத்தது, விசாரணையை மூடப் பார்த்தது எல்லாம் சேர்த்து ஆறரை வருட தண்டனை. லைசென்ஸ் லஞ்சம் தனக்குத் தெரியாது என்றே சொல்லிவந்தார். தெரியாமலும் இருந்திருக்கலாம். டிக்கெட்டுக் கட்டைக் கீழே தள்ளிவிட்டு, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நிமிடக் கணக்குக் காட்டுகிறார்கள். சொல்ல வைத்திருந்ததில் பாதி பாக்கி, வேகமாகப் போகிறேன்.

1938-இல் கென்டக்கியில் செனட் சீட்டுக்கு ஒரே கட்சிக்குள் பார்க்ளிக்கும் கவர்னர் சாண்ட்லருக்கும் போட்டி. பொருளாதார மந்த கால அரசு நிவாரண வேலையில் இருந்த ஏழைகளைப் பார்க்ளி பக்கம் நெருக்கினார்கள், மாநில ஊழியர்களைச் சாண்ட்லர் பக்கம் நெருக்கினார்கள் என்று புகார். நிவாரண வேலையாட்கள் கதையை எழுதிய பத்திரிகையாளர் தாமஸ் ஸ்டோக்ஸுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது, 1939-இல் ஹேட்ச் சட்டம் வந்தது. இன்றும் அதுதான். அங்கே மத்திய அரசு ஊழியர் தன் பணத்தை விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம், பிறரிடம் கேட்கக் கூடாது. நம் மத்திய அரசு ஊழியருக்கு 1964 நடத்தை விதிகள் கொடுப்பதையே தடுக்கின்றன, அது வேறு கதை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்தியானா மாநிலத்தில் 1933-இல் கவர்னர் மக்நட் காலத்தில் ‘இரண்டு சதவீத கிளப்’ என்றே பகிரங்கமாக நடத்தினார்கள், மாநில ஊழியர் சம்பளத்தில் 2 சதவீதம் கட்சிக்கு. பெரிய கம்பெனிகளிடம் கை நீட்டுவதைவிட இது மேல் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்காதவன் வேலை நிலைக்குமா என்ற கேள்வி வந்ததும் அந்த நியாயம் நொண்டுகிறது.

இப்போது தனியார் கம்பெனிகள். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருந்தேன், போச்சு. அங்கே சட்டம் அரசு அலுவலகம் மாதிரி இல்லை. கம்பெனி தன் அரசியல் நிதிக் குழுவுக்கு நிர்வாக ஊழியர்களிடம் கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது, மறுக்க உரிமை உண்டு என்று சொல்லிவிட வேண்டும். ஊழியர் பெயரில் கொடுக்க வைத்து, போனஸில் திருப்பிக் கொடுத்தால் குற்றம். தபால் துறைத் தலைவராக இருந்த லூயி டிஜாய் முன்பு நடத்திய கம்பெனியில் அப்படி நடந்ததாக 2020-இல் பழைய ஊழியர்கள் பத்திரிகைக்குச் சொன்னார்கள், அவர் மறுத்தார். இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் தேர்தல் ஆணையத்தில் சட்டப்படி 6 உறுப்பினர் இடம், எதையும் முன்னே நகர்த்த 4 ஓட்டு வேண்டும், கட்சி வாரியாக 3க்கு 3 என்று நின்றுபோனால் கோப்பு அங்கேயே தூங்கும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். 2012-இல் ஒஹையோவில் மர்ரி எனர்ஜியின் நிலக்கரிச் சுரங்கத்தில் ஜனாதிபதி வேட்பாளர் ராம்னியின் பிரசாரக் கூட்டம். இது நன்கொடை இல்லை, ஆள் சேர்ப்பு, ஆனால் கேட்கிற ஆள் அதே முதலாளி. அன்று சுரங்கத்தை மூடினார்கள், தொழிலாளர்களுக்கு ஒருநாள் கூலி போயிற்று. ஏன் என்று கேட்டபோது கம்பெனியின் அதிகாரி ஒருவர், அதுவும் வானொலியில்தான், சொன்ன பதில்: கூட்டத்துக்கு வருவது கட்டாயம், ஆனால் யாரையும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை.

சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.