கணக்கில் ஏறாத சேம் சைடு கோல்

நண்பர்களே, வணக்கம். கால்பந்திலிருந்து நான் மூன்றாவது முறையாக ஓய்வு பெற்றதைச் சென்ற காணொலியில் அறிவித்திருந்தேன். முதல் இரண்டு ஓய்வுகளும் அணியில் ஒருவருக்கும் தெரியாமல் போனதால், மறுவாரமே ஆட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

பின்கள ஆட்டக்காரனாகவே காலம் கழித்த நான், வாழ்நாளில் பந்தை வலைக்குள் அனுப்பியது ஒரே முறைதான். அதுவும் எங்கள் வலைக்குள். எங்கள் பெனால்டி பகுதிக்குச் சற்று வெளியே கிடைத்த ஃப்ரீ கிக்கை, வம்பு வேண்டாம் என்று எங்கள் கோல் கீப்பரிடமே தள்ளினேன். சக வீரர் வேண்டுமென்றே காலால் அனுப்பும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992 முதல் நடைமுறையில் இருப்பதால், அவர் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு காலை மட்டும் நீட்டினார். பந்தோ, 7.32 மீட்டர் அகலத்தில் வேறு இடமே இல்லாததைப் போல, அந்தக் காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே நுழைந்து உள்ளே போனது.

எதிரணி கொண்டாடியது, நான் புல்லில் முகம் புதைத்தேன். நடுவரோ கார்னர் கொடியின் பக்கம் கை காட்டினார். ஃப்ரீ கிக்கில் உதைத்த பந்து வேறு யார் மீதும் படாமல் உதைத்தவரின் சொந்த வலைக்குள் போனால் அது கோல் ஆகாது, எதிரணிக்குக் கார்னர் கிக்தான் என்கிறது ஆட்டத்தின் 13ஆம் விதி. (என்னைப் போல் ஒருவன் வருவான் என்று விதியை எழுதியவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ!) அந்தக் கார்னரில் எதிரணியின் மிக உயரமானவர் தலையால் முட்டிக் கோல் அடித்தார். அவரை மறித்து நிற்க வேண்டிய நான், அப்போதும் முகத்திலிருந்த புல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றும் இந்த விதிகள் என்னை விடவில்லை. ஃப்ரீ கிக்கின்போது எதிரணியினர் பந்திலிருந்து விலகி நிற்பதைப் போல, வரிசையில் முன்னால் நிற்பவரிடமிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்பதால், நான் வரிசையில் இருப்பதாகவே யாரும் கருதுவதில்லை. வீட்டில் வாக்குவாதம் 45 நிமிடங்களைத் தொட்டால் இடைவேளை கேட்கிறேன். அது 15 நிமிடங்களைத் தாண்டக்கூடாது என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டதால், மனைவி புதிய தெம்புடன் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறாள்.

சென்ற காணொலியைப் பார்த்த அந்தப் பழைய கீப்பர் நேற்றிரவு தொலைபேசியில் அழைத்து, பந்து தமது காலணி நுனியில் உரசியதாகவும், வெட்கத்தால் இத்தனை காலம் சொல்லவில்லை என்றும் தழுதழுத்த குரலில் ஒப்புக்கொண்டார். உரசியிருந்தால் அது செல்லுபடியாகும் சேம் சைடு கோல், நண்பர்களே! நாங்கள் 1-0 என்று தோற்றதில் மாற்றமில்லை; கோல் அடித்தவர் இடத்தில் என் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். நாளைக் காலை கீப்பரையும் அழைத்துக்கொண்டு அந்த நடுவரின் வீட்டுக்குப் போகிறேன். காலணியைக் கீப்பர் இன்னும் வைத்திருக்கிறார்.